போன் ஸ்லோ ஆயிடுச்சா? காரணம் பேட்டரியாகவும் இருக்கலாம்! ஆப்பிள் விவகாரம் சொல்லும் பாடம்

"வாங்கி ரெண்டு வருஷம்தான் ஆச்சு, அதுக்குள்ள ஹேங் ஆகுது. கேமராவைத் திறந்தா முழிச்சுக்கிட்டு நிக்குது. 30 சதவீதம் சார்ஜ் காட்டும்போதே பொசுக்குனு ஆஃப் ஆயிடுது."

ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் யாரிடமும் கேட்கக்கூடிய புலம்பல்தான் இது. அதற்கு வீட்டிலும் ஆபீஸிலும் கிடைக்கும் பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: "பழசாயிடுச்சுல்ல, புதுசு வாங்கிடு."

பல நேரங்களில் அந்தப் பதில் தவறு. போனின் சிப் நன்றாக இருக்கும், திரை நன்றாக இருக்கும், கேமராவும் நன்றாக இருக்கும். வயதாகியிருப்பது உள்ளே இருக்கும் பேட்டரிக்கு மட்டும்தான். சில ஆயிரம் ரூபாயில் முடிய வேண்டிய விஷயத்துக்குப் பல பத்தாயிரங்கள் கைமாறிவிடுகின்றன.

இதை உலகம் முழுக்கப் பேச வைத்தது, 2017 இறுதியில் வெடித்த ஆப்பிள் பேட்டரி விவகாரம். அன்று என்ன நடந்தது? பேட்டரிக்கு வயதானால் போனின் வேகம் ஏன் குறைகிறது? இன்று நிலைமை மாறியிருக்கிறதா? பார்க்கலாம்.

தம்பி போன் வேகமா இருக்கே!

2017 டிசம்பர். அமெரிக்காவில் ஐபோன் 6எஸ் வைத்திருந்த ஒருவருக்கு ஒரு சந்தேகம். தன்னுடையதைவிடப் பழைய மாடலான 6 பிளஸ், தன் சகோதரரிடம் இருந்தது. அது வேகமாக ஓடுகிறது, தன் போன் திணறுகிறது. அவர் பேட்டரியை மாற்றிப் பார்த்தார். மாற்றுவதற்கு முன்பும் பின்பும், போனின் வேகத்தை அளக்கும் 'கீக்பெஞ்ச்' செயலியில் சோதித்தார். முன்பு 1,466 புள்ளிகள். பின்பு 2,526. வேறு எதையும் மாற்றவில்லை, பேட்டரியை மட்டும்தான்! இந்த எண்களை அவர் ரெடிட் தளத்தில் பகிர, விஷயம் தீயாகப் பரவியது.

ஒருவருடைய அனுபவத்தை வைத்து எதையும் முடிவு செய்துவிட முடியாது. ஆனால், கீக்பெஞ்ச் செயலியை உருவாக்கிய பிரைமேட் லேப்ஸ் நிறுவனத்தின் ஜான் பூலிடம் ஏராளமான ஐபோன்களின் சோதனை முடிவுகள் குவிந்திருந்தன. அவற்றை மென்பொருள் பதிப்பு வாரியாகப் பிரித்து, டிசம்பர் 18 அன்று அவர் வரைபடங்களாக வெளியிட்டார்.

ஐஓஎஸ் 10.2 பதிப்பில் ஓடிய ஐபோன் 6எஸ் போன்களின் வரைபடத்தில் ஒரே ஒரு உச்சி. அதாவது, பெரும்பாலான போன்கள் ஏறக்குறைய ஒரே வேகத்தில் ஓடின. அடுத்து வந்த 10.2.1 பதிப்பில், அந்தப் பெரிய உச்சியோடு வேகம் குறைந்த பக்கத்தில் சின்னச் சின்ன உச்சிகளும் முளைத்திருந்தன. 11.2 பதிப்பில் அவை இன்னும் பெரிதாகின. ஐபோன் 7 போன்களில் 11.2 வரும்வரை மாற்றமே இல்லை; அது வந்ததும் அங்கும் அதே கதை.

பேட்டரி தேய்வது மட்டும் காரணமாக இருந்தால், வேகம் இப்படிப் படிக்கட்டு போட்டதுபோல் குறையாது. யாரோ மென்பொருளில் எல்லை வகுத்திருக்கிறார்கள் என்பது வரைபடத்திலேயே தெரிந்தது. இரண்டே நாளில், டிசம்பர் 20 அன்று, ஆப்பிள் ஒப்புக்கொண்டது.

சரி, பேட்டரிக்கும் வேகத்துக்கும் என்ன சம்பந்தம்?

மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொண்டால் இது எளிதாகப் புரியும். உப்புத் தண்ணீர் ஓடும் வீடுகளில் காலப்போக்கில் இரண்டு விஷயங்கள் நடக்கும். தொட்டியின் அடியில் வண்டல் சேர்ந்து, அது பிடிக்கும் தண்ணீரின் அளவு குறையும். குழாய்க்குள் உப்புப் படிந்து, தண்ணீர் வரும் வேகமும் குறையும்.

லித்தியம் அயன் பேட்டரியிலும் இதே இரண்டும் நடக்கின்றன. ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் உள்ளே நடக்கும் சிறு சிறு வேதிவினைகளால், மின்சாரத்தைச் சுமக்க வேண்டிய லித்தியத்தில் கொஞ்சம் வீணாகிறது. இதனால் கொள்ளளவு குறைகிறது. "காலையில போட்ட சார்ஜ் மத்தியானத்துக்கே காலி" என்பது இதனால்தான். இது எல்லோருக்கும் தெரிந்த பிரச்சினை.

இரண்டாவதுதான் பலருக்கும் தெரியாதது. மின்முனைகளின் மேல் படலம் தடித்து, பேட்டரியின் உள்தடை கூடுகிறது. அதாவது, குழாய் சுருங்குகிறது. வாட்ஸ்அப்பில் மெசேஜ் படிக்கும்போது இது தெரியாது. ஒரு குழாயை மட்டும் மெதுவாகத் திறந்தால் தண்ணீர் வரத்தானே செய்யும்? கேமராவைத் திறக்கும்போதும், கேம் ஆடும்போதும் சிப் ஒரு நொடியில் அதிக மின்சாரத்தை இழுக்கிறது. வீட்டில் எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறப்பது போன்றது இது. உள்தடை அதிகமுள்ள பழைய பேட்டரியால் அந்த வேகத்துக்குக் கொடுக்க முடியாது. மின்னழுத்தம் சட்டென்று சரிகிறது. சிப் இயங்கத் தேவையான அளவுக்குக் கீழே அது போய்விட்டால், போன் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும்.

30 சதவீதம் சார்ஜ் இருக்கும்போதே போன் ஆஃப் ஆவது இப்படித்தான். தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, குழாயில்தான் வரவில்லை. குளிர் அதிகமாக இருந்தாலும், சார்ஜ் குறைவாக இருந்தாலும் இந்தச் சிக்கல் கூடும்.

ஆப்பிள் செய்தது என்ன?

2016 இறுதியில் ஐபோன் 6, 6எஸ் போன்கள் திடீர் திடீரென்று அணைந்துவிடுவதாகப் புகார்கள் குவிந்தன. குறிப்பிட்ட காலத்தில் தயாரான சில 6எஸ் போன்களுக்கு இலவசமாகப் பேட்டரி மாற்றித் தருவதாக அந்த நவம்பரில் ஆப்பிள் அறிவித்தது. ஆனாலும் பிரச்சினை தீரவில்லை.

2017 ஜனவரியில் ஐஓஎஸ் 10.2.1 வெளியானது. பேட்டரி பலவீனமாக இருக்கும் போன்களில், சிப் ஒரேயடியாக அதிக மின்சாரத்தை இழுக்காதபடி அதன் உச்ச வேகத்துக்குக் கடிவாளம் போடும் ஏற்பாடு அதில் இருந்தது. அது வேலையும் செய்தது. திடீரென அணைவது 6எஸ் போன்களில் 80 சதவீதத்துக்கு மேலும், ஐபோன் 6 போன்களில் 70 சதவீதத்துக்கு மேலும் குறைந்துவிட்டதாக அடுத்த மாதமே ஆப்பிள் சொன்னது.

தொழில்நுட்ப ரீதியில் பார்த்தால் இந்த முடிவில் நியாயம் இருக்கிறது. நடுராத்திரியில் ஆம்புலன்ஸைக் கூப்பிடும்போது போன் அணைந்துபோவதைவிட, கொஞ்சம் மெதுவாக ஓடுவது எவ்வளவோ மேல். பேட்டரி நிபுணர்கள் பலரும் இதை ஏற்றுக்கொண்டார்கள்.

அப்புறம் எங்கேதான் தப்பு?

தப்பு, சொல்லாமல் விட்டதில். "மின்சார மேலாண்மையை மேம்படுத்தியிருக்கிறோம்" என்ற அளவில்தான் பேச்சு இருந்தது. 'இதனால் உங்கள் போனின் வேகம் குறையும்' என்றோ, 'பேட்டரியை மாற்றினால் பழைய வேகம் திரும்பும்' என்றோ ஒரு வரி கூட இல்லை.

அந்த ஒரு வரிக்கு எவ்வளவு விலை என்று பார்க்கலாம். அப்போது அமெரிக்காவில் ஐபோன் பேட்டரி மாற்ற 79 டாலர். இந்தியாவில் வரி இல்லாமல் 6,500 ரூபாய். அதே 2017இல் வெளியான ஐபோன் எக்ஸ் விலை அமெரிக்காவில் 999 டாலர், இந்தியாவில் 89,000 ரூபாய். போன் ஏன் மெதுவாகிறது என்று தெரிந்தவர் 6,500 ரூபாய்ச் செலவை யோசிப்பார். தெரியாதவர் 89,000 ரூபாய்ச் செலவைத்தான் யோசிப்பார். இரண்டில் எது நடந்தாலும் பணம் போவது ஒரே நிறுவனத்துக்கு. ஆனால் தொகை வேறு!

அடிக்கடி அணைந்துபோகும் போனைப் பார்த்தால் "பேட்டரி போச்சு" என்று யாரும் யூகித்துவிடுவார்கள். மெதுவாக ஓடும் போனைப் பார்த்தால் அப்படித் தோன்றாது, "போன் பழசாயிடுச்சு" என்றுதான் தோன்றும். ஆக, ஆப்பிளின் மென்பொருள் ஒரு நோயின் அறிகுறியையே மாற்றிவிட்டது. கோளாறு பேட்டரியில் இருக்க, பழி மொத்தப் போனின் மேலும் விழுந்தது. ஐபோன் 7 வெளியானது 2016 செப்டம்பரில். 2017 டிசம்பரில் 11.2 வந்தபோது அதற்கு வயது ஒன்றேகால்தான். 'பழைய போன்' என்ற சொல்லே அதற்குப் பொருந்தாது.

மன்னிப்பும் கணக்கும்

2017 டிசம்பர் 28 அன்று ஆப்பிள் வாடிக்கையாளர்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. போன்களின் ஆயுளை வேண்டுமென்றே குறைக்கும் எதையும் தாங்கள் செய்ததில்லை, செய்யப்போவதுமில்லை என்றும் சொன்னது. ஐபோன் 6 முதலான மாடல்களுக்குப் பேட்டரி மாற்றும் கட்டணம் ஓராண்டுக்கு 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைந்தது. இந்தியாவில் 6,500 ரூபாய், 2,000 ரூபாய் ஆனது. 2018 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 11.3 பதிப்பில் 'பேட்டரி ஹெல்த்' பகுதி சேர்ந்தது. பேட்டரியின் கொள்ளளவு எத்தனை சதவீதம் மிச்சமிருக்கிறது, வேகக் கட்டுப்பாடு நடக்கிறதா என்பதையெல்லாம் பயனரே பார்க்கலாம். வேண்டாமென்றால் கட்டுப்பாட்டை நிறுத்தவும் செய்யலாம்.

இதற்குப் பின்னால் நடந்ததுதான் சுவாரசியம். 2019 ஜனவரி 2 அன்று ஆப்பிள் தலைமைச் செயல் அதிகாரி டிம் குக் முதலீட்டாளர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் காலாண்டின் வருவாய் எதிர்பார்த்ததைவிடக் குறைந்து, சுமார் 8,400 கோடி டாலராக இருக்கும் என்றார். சீனப் பொருளாதார மந்தம் முக்கியக் காரணம். ஆனால், ஐபோன் விற்பனை பாதித்ததற்கு அவர் அடுக்கிய மற்ற காரணங்களில், குறைந்த விலையில் பேட்டரி மாற்றும் வசதியைச் சில வாடிக்கையாளர்கள் பயன்படுத்திக்கொண்டதும் ஒன்று.

அதாவது, உண்மை தெரிந்து, விலையும் நியாயமாக இருந்தால் மக்கள் பழைய போனையே வைத்துக்கொள்கிறார்கள் என்பதை அந்த நிறுவனத்தின் கடிதமே சொல்லிவிட்டது.

நீதிமன்றங்கள் என்ன சொல்லின?

இத்தாலியின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் 2018 அக்டோபரில் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் விதித்தது. அதில் பாதி, வேகத்தைக் குறைத்த அப்டேட்டுகளுக்காக. மறுபாதி, பேட்டரியின் ஆயுள், அதைப் பராமரிப்பது, மாற்றுவது பற்றிப் போதிய தகவல் தராததற்காக. அதே நாளில் சாம்சங்கும் மாட்டியது. புதிய மாடலுக்காக உருவாக்கிய மென்பொருளைப் பழைய கேலக்ஸி நோட் 4 போன்களில் ஏற்றத் தூண்டிய குற்றத்துக்காக 50 லட்சம் யூரோ அபராதம்.

பிரான்ஸில், பொருள் சீக்கிரம் வீணாகும்படி திட்டமிட்டுத் தயாரிப்பது 2015 முதல் குற்றம். அந்தச் சட்டத்தின் அடிப்படையில்தான் அங்கே புகார் போனது. ஆனால் 2020 பிப்ரவரியில் ஆப்பிள் செலுத்த ஒப்புக்கொண்ட 2.5 கோடி யூரோ, வாடிக்கையாளர்களிடம் தகவலை மறைத்ததற்காக மட்டுமே.

அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கில், 31 கோடி முதல் 50 கோடி டாலர் வரை தருவதாக 2020 மார்ச்சில் சமரசம் ஏற்பட்டது. 2024 ஜனவரியில்தான் பணம் கைக்கு வந்தது. ஒரு கோரிக்கைக்குச் சுமார் 92 டாலர். இதுதவிர, 2020 நவம்பரில் 30க்கும் மேற்பட்ட மாநிலங்களுக்கு 11.3 கோடி டாலர். இரண்டிலும் ஆப்பிள் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தத் தொகைகள் ஆப்பிளின் வருமானத்துக்கு முன்னால் தூசு. ஆனால் ஒரு விஷயம் தெளிவானது. 'புது போன் விற்பதற்காகவே வேகத்தைக் குறைத்தார்கள்' என்ற சந்தேகம் இந்த வழக்குகளில் நிரூபணமாகவில்லை. 'சொல்லாமல் செய்தார்கள்' என்பதுதான் ஒவ்வொரு நாட்டிலும் அடிபட்டது.

ஆண்ட்ராய்டில் இந்தப் பிரச்சினை இல்லையா?

2017இல் விவகாரம் வெடித்ததும் சாம்சங், எல்ஜி, மோட்டோரோலா, எச்டிசி நிறுவனங்கள், பேட்டரிக்கு வயதாகிறது என்பதற்காகப் போனின் வேகத்தைக் குறைப்பதில்லை என்று அறிவித்தன. அப்போது அது நல்ல விளம்பரமாகவும் இருந்தது. ஆனால் பேட்டரியின் வேதியியல் எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றுதான்.

கூகுளின் பிக்சல் போன்கள் இதற்குச் சமீபத்திய உதாரணம். 2025 ஜனவரியில் பிக்சல் 4ஏ போன்களுக்கு வந்த ஒரு அப்டேட், சில போன்களின் பேட்டரி கொள்ளளவையும் சார்ஜ் ஏறும் வேகத்தையும் குறைத்தது. அடுத்து, அதிக வெப்பமாகும் அபாயத்தைத் தவிர்ப்பதற்காக, பிக்சல் 6ஏ போன்களில் 400 சார்ஜ் சுழற்சிகளுக்குப் பிறகு இதேபோல் கட்டுப்பாடு வந்தது. பிக்சல் 9ஏ மாடலிலோ, 200 சுழற்சிகளில் தொடங்கி 1,000 சுழற்சிகள் வரை பேட்டரியின் மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் குறைக்கும் ஏற்பாடு ஆரம்பத்திலேயே இருக்கிறது. இதை நிறுத்திவைக்கும் வசதி பயனருக்குக் கிடையாது.

2017ஐ ஒப்பிட்டால் ஒரு முன்னேற்றம் தெரிகிறது. கூகுள் இதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத்தான் செய்கிறது. பழைய மாடல்களுக்கு இலவசமாகப் பேட்டரி மாற்றுவது உள்ளிட்ட சலுகைகளையும் அறிவித்தது. ஆனால், காசு கொடுத்து வாங்கிய பொருளில் எவ்வளவு கொள்ளளவு மிஞ்ச வேண்டும் என்பதைத் தயாரித்த நிறுவனமே பிறகு முடிவு செய்யலாமா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

ஐரோப்பா போட்ட விதி

இதற்கு ஐரோப்பிய ஒன்றியம் சட்டத்தில் விடை தேடியிருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் அங்கே சந்தைக்கு வரும் புதிய போன் மாடல்களின் பேட்டரி, 800 முறை முழுதாக சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் குறைந்தது 80 சதவீதக் கொள்ளளவோடு இருக்க வேண்டும். முக்கிய உதிரிபாகங்கள், அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகளுக்குக் கிடைக்க வேண்டும். பேட்டரி எத்தனை சுழற்சி தாங்கும் என்பது போனோடு வரும் லேபிளிலேயே இருக்கும். ஃப்ரிட்ஜ், ஏசி வாங்கும்போது ஸ்டார் பார்ப்பதுபோல, போனையும் பார்த்து வாங்கலாம்.

இந்தியாவில்?

'வாங்கும் பொருளின் தரம் பற்றிய தகவலைப் பெறுவது நுகர்வோரின் உரிமை' என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. 2022 டிசம்பரில், பழுதுபார்ப்பது தொடர்பான தகவல்களை ஒரே இடத்தில் தரும் 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தை மத்திய அரசு தொடங்கியது. ஐஓஎஸ் 18 அப்டேட்டுக்குப் பிறகு போன்களின் செயல்திறன் பாதித்ததாக வந்த புகார்கள் குறித்து, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஆப்பிளிடம் விளக்கம் கேட்டிருப்பதாக 2025 ஜனவரியில் அமைச்சர் பிரகலாத் ஜோஷி தெரிவித்தார்.

இவற்றைவிட முக்கியமானது 'பழுதுபார்க்கும் குறியீடு'. ஒரு போனை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்பதற்கு மதிப்பெண் போடும் திட்டம் இது. இதற்காக நியமித்த குழு 2025 மே மாதம் தன் அறிக்கையைத் தந்தது. முதலில் கவனிக்க வேண்டிய உதிரிபாகங்களின் பட்டியலில் பேட்டரியும் இருக்கிறது. பரிந்துரைகள் கட்டாய விதியாக மாறினால்தான், கடைக்குப் போகும் வாடிக்கையாளருக்கு அதனால் பலன்.

புது போன் வாங்குவதற்கு முன்...

எல்லா மந்தத்துக்கும் பேட்டரி காரணமில்லை. ஸ்டோரேஜ் நிரம்பி வழிந்தாலும் போன் திணறும். புதிய செயலிகள் கேட்கும் ரேம் பழைய போனில் இல்லாமலும் இருக்கலாம். போன் சூடேறினால், பேட்டரி புதியதாக இருந்தாலும் சிப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இவற்றை முதலில் சரிபார்ப்பது நல்லது.

ஐபோனில் செட்டிங்ஸுக்குள் 'பேட்டரி' பகுதியில் கொள்ளளவைப் பார்க்கலாம். 80 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் பேட்டரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஆண்ட்ராய்டில் நிறுவனத்துக்கு நிறுவனம் இது மாறும். சர்வீஸ் சென்டரில் சோதித்துத் தரச் சொல்லலாம். சார்ஜ் மிச்சமிருக்கும்போதே போன் அணைவது, சார்ஜரில் செருகியதும் வேகம் கூடுவது, பின்பக்கம் உப்புவது ஆகியவை பேட்டரியைக் கைகாட்டும் அறிகுறிகள். உப்பிய பேட்டரி ஆபத்தானது. அந்தப் போனை சார்ஜ் போடாமல் உடனே சர்வீஸுக்குக் கொடுப்பதே சரி.

வெளிக்கடையில் மாற்றினால் செலவு குறையும். ஆனால் மட்டமான பேட்டரி வந்துவிடும் அபாயமும் உண்டு. ஐபோன் எக்ஸ்எஸ் முதலான மாடல்களில், பேட்டரி அசல்தானா என்பதை உறுதிசெய்ய முடியவில்லை என்ற எச்சரிக்கையும் வரலாம். என்ன பேட்டரி, எத்தனை மாத வாரண்டி என்பதை பில்லில் எழுதி வாங்கிக்கொள்வது பின்னால் உதவும்.

இருக்கும் பேட்டரியைக் காப்பாற்ற வேண்டுமென்றால், முதல் எதிரி வெயில். ஐபோனைப் பயன்படுத்த ஏற்ற வெப்பநிலை 35 டிகிரி வரைதான் என்கிறது ஆப்பிள். சென்னையில் மே மாத மதியம் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும். பைக் ஹோல்டரில் மேப் ஓடிக்கொண்டே, சார்ஜும் ஏறிக்கொண்டே வெயிலில் காயும் டெலிவரி ஊழியரின் போன் சீக்கிரம் தேய்வதில் ஆச்சரியமில்லை. ராத்திரி முழுக்க 100 சதவீதத்தில் செருகி வைப்பதைத் தவிர்க்க, இப்போது பல போன்களில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறது. அதை ஆன் செய்துவிட்டால் போதும்.

வாரண்டி காலத்தில் பிரச்சினை வந்து, நிறுவனம் கைவிரித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். அதற்கு பில், சர்வீஸ் சென்டர் கொடுத்த ஜாப் ஷீட், பேட்டரி அளவு காட்டும் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் எடுத்து வைத்திருப்பது நல்லது. அப்டேட் போடுவதற்கு முன்னால் ஒரு ஸ்கிரீன்ஷாட், பின்னால் ஒன்று. 2017இல் அந்த ஐபோன் 6எஸ்காரர் செய்ததும் இவ்வளவுதான்.